பழைய எக்ஸ்பாக்ஸை ஒல்லியாக்கிய கதை

முதல் எக்ஸ்பாக்ஸை ஒருமுறை தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் மறக்காது. கிட்டத்தட்ட 4 கிலோ. 32 செ.மீ. அகலம், 26 செ.மீ. ஆழம், 10 செ.மீ. உயரம். 2001 நவம்பர் 15 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அந்தக் கறுப்புப் பெட்டிதான் நானும் என் தம்பியும் சேர்ந்து விளையாடிய முதல் வீடியோ கேம் கன்சோல். பிளேஸ்டேஷன் 2-க்கு 2004-இல் ஒல்லியான பதிப்பு வந்தது. எக்ஸ்பாக்ஸ் 360-க்கு 2010-இல் வந்தது. இந்த முதல் எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும் கடைசிவரை வரவே இல்லை. அந்த ஒல்லிப் பதிப்பை நாமே செய்தால் என்ன என்ற ஆசை ரொம்ப நாளாக இருந்தது. செய்து முடித்தேன். இப்போது அதன் உயரம் 42 மி.மீ.

இதைப் படித்துவிட்டு நீங்களும் இறங்கினால், நான் வீணாக்கிய நாட்கள் உங்களுக்கு மிஞ்ச வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில், இந்தப் பெட்டி ஏன் இவ்வளவு உயரம் என்று பார்க்கலாம். அடியில் ரப்பர் கால்களுக்குக் கீழே நான்கும், ஸ்டிக்கர்களுக்குக் கீழே இரண்டுமாக ஆறு ஸ்க்ரூ இருக்கும். டி20 அளவு டார்க்ஸ் (நட்சத்திர முனை) பிட் வேண்டும். உள்ளே டிரைவ்களைக் கழற்ற டி10. மூடியைத் தூக்கியதும் கண்ணுக்குத் தெரிவது இரண்டு தட்டுகள்: ஒன்றில் டிவிடி டிரைவ், இன்னொன்றில் ஹார்ட் டிஸ்க். இரண்டும் மதர்போர்டுக்கு மேலே மாடிபோல் உட்கார்ந்திருக்கும். ஓரத்தில் பவர் சப்ளை. அந்த இரண்டு தட்டுகளையும் தூக்கிவிட்டால், கீழே மதர்போர்டில் உயரமாக நிற்பவை, சிப்களின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் இரண்டு ஹீட்சிங்க்குகளும் பின்பக்க ஃபேனும்தான். அதாவது நீள அகலத்தை மதர்போர்டே தீர்மானித்துவிடுகிறது, அதில் கைவைக்க முடியாது. உயரத்தில் பாதிக்கு மேல் டிரைவ்களுடையது. போர்டை வெட்டாமல், சிப் எதையும் இடம் மாற்றாமல், உயரத்தை மட்டும் குறைக்கலாம் என்று அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

மூடியைத் திறந்த அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கன்சோலை ஒல்லியாக்கும் எண்ணமே இல்லாதவர்களும் இதைச் செய்துவிடுங்கள். இந்தக் கன்சோலின் மதர்போர்டு 1.0 முதல் 1.6 வரை பல பதிப்புகளில் வந்தது. 1.6-க்கு முந்தைய பதிப்பு போர்டுகளில், முன்பக்க ஓரத்தில், கடிகாரத்துக்கென்று ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். 1 ஃபாரட், 2.5 வோல்ட். வயதாக ஆக அது கசியும். கசிந்த திரவம் போர்டின் செம்புக் கோடுகளை அரித்துத் தின்றுவிடும். அது இல்லாவிட்டாலும் கன்சோல் நன்றாகவே ஓடும். பிளக்கைக் கழற்றும்போது தேதியும் நேரமும் மறந்துபோகும், அவ்வளவுதான். என்னுடையது 1.4 பதிப்பு. கெப்பாசிட்டரின் காலடியில் லேசான ஈரம்போல ஒரு பளபளப்பு தெரிந்தது, கோடுகள் முழுசாக இருந்தன. கால்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கி, அசைத்து அசைத்து எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். இன்னும் ஓராண்டு தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

சரி, டிரைவ்களுக்கு வருவோம். ஹார்ட் டிஸ்கை மாற்றுவது எளிது. பழையது, ஐடிஇ என்ற பழைய இணைப்பு முறையில் வேலை செய்யும் 3.5 அங்குல டிஸ்க். அதன் இடத்தில் 7 மி.மீ. தடிமன் உள்ள ஒரு எஸ்எஸ்டியும், எஸ்எஸ்டியின் சாட்டா இணைப்பை ஐடிஇ-ஆக மாற்றும் ஒரு குட்டி அடாப்டரும் போதும். கூடவே பழைய 40 இழை கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு 80 இழை கேபிள் போடுங்கள். வேகத்தைக் கூட்டி வைக்கும்போது பழைய கேபிளில் தரவு சிதறும்.

சிக்கல் டிவிடி டிரைவில் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் பயாஸ் (கன்சோலைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்), கன்சோல் கிளம்பும்போதே டிவிடி டிரைவைத் தேடும். இல்லையென்றால் பிழைத் திரையைக் காட்டிவிட்டு நின்றுவிடும். சாஃப்ட்மாட் மட்டும் செய்த, அதாவது ஹார்ட் டிஸ்கில் உள்ள மென்பொருளை மட்டும் மாற்றிய கன்சோலிலும் இதே கதைதான், ஏனென்றால் அதில் பயாஸ் மாறுவதில்லை. டிரைவை அடியோடு எடுத்துவிட வேண்டுமென்றால், அந்தத் தேடலை நிறுத்த வசதியுள்ள பயாஸ் வேண்டும். நான் போட்டது செர்பியாஸ் என்ற பயாஸ். 1.0 முதல் 1.5 வரையிலான போர்டுகளில் பயாஸ் இருக்கும் ஃபிளாஷ் சிப்பிலேயே புதிதாக எழுதலாம். எழுதவிடாமல் தடுக்கும் இரண்டு சிறு இடைவெளிகளை ஈயம் வைத்து இணைக்க வேண்டும், அவ்வளவே. 1.6-இல் இந்த வழி கிடையாது. உங்களுடையது எந்தப் பதிப்பு என்று உறுதியாகத் தெரியாமல் சால்டரிங் அயனைச் சூடாக்காதீர்கள்.

பயாஸ் எழுதுவதற்கு முன்னால், கன்சோலின் சொந்த விவரங்களை வைத்திருக்கும் சிறு நினைவகச் சிப்பான ஈப்ரமை நகலெடுத்துவிடுங்கள். வெறும் 256 பைட் கோப்பு. ஆனால் பழைய ஹார்ட் டிஸ்கின் பூட்டைத் திறக்கும் சாவி அதற்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு கன்சோலுக்கும் வேறுவேறு சாவி, வேறெங்கும் கிடைக்காது. நான் மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன். அப்புறம், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கன்சோல் செத்த கல். யுபிஎஸ்ஸில் போட்டு எழுதினேன். பயாஸ் மாற்றுவதும் டிஸ்கிலிருந்து விளையாட்டை நகலெடுப்பதும் நாட்டுக்கு நாடு வேறு சட்டம். உங்கள் இடத்தில் என்ன நிலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் எஸ்எஸ்டியில் ஏற்றியிருப்பவை அலமாரியில் இருக்கும் எங்கள் டிஸ்குகளிலிருந்து எடுத்தவை.

இவ்வளவையும் பழைய பெட்டிக்குள்ளேயே முடித்தேன். டிவிடி டிரைவின் கேபிளைக் கழற்றிவிட்டு இரண்டு வாரம் அப்படியே விளையாடினோம். இது வேண்டுமென்றே செய்தது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். டிரைவ் இல்லாமல் கன்சோல் சரியாக ஓடுகிறது என்று கையில் ஆதாரம் இருந்தால், பின்னால் ஏதாவது கெடும்போது சந்தேகப்பட ஒரு ஆள் குறைவு. இந்தப் பழக்கத்தை ஓரிடத்தில் நான் கைவிட்டேன். அதற்கான விலையையும் கொடுத்தேன். அது பவர் சப்ளையில்.

எக்ஸ்பாக்ஸின் பவர் சப்ளை ஒரு திறந்த போர்டு. தகரப் பெட்டி எதுவும் அதைச் சுற்றி இல்லை. சுவரிலிருந்து வரும் ஏசி நேராக அதற்குள் போகிறது. 230 வோல்ட் ஏசியை டிசியாக்கினால் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கும். இதை 42 மி.மீ. பெட்டிக்குள், அதுவும் அலுமினியப் பெட்டிக்குள், என் கையால் மாற்றி வைக்க எனக்குத் தைரியம் இல்லை. அந்தத் தைரியம் வேண்டியதும் இல்லை என்பதே என் கருத்து. சுவர் மின்சாரம் வெளியிலேயே ஒரு மூடிய அடாப்டரில் நிற்கட்டும். கன்சோலுக்குள் 12 வோல்ட் மட்டும் வரட்டும் என்று முடிவு செய்தேன். 12 வோல்ட், 8 ஆம்பியர் அடாப்டர் ஒன்று. உள்ளே, சிறிய கம்ப்யூட்டர்களில் போடும் குட்டி டிசி பவர் போர்டு ஒன்று. அது 12 வோல்ட்டை வாங்கி 5 வோல்ட், 3.3 வோல்ட் எல்லாம் பிரித்துக் கொடுக்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயங்கள் வரிசையாக வருகின்றன, நிதானமாகப் படியுங்கள்.

இந்தக் குட்டி போர்டுகளில் 120 வாட், 160 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அந்த எண்ணை வைத்து வாங்காதீர்கள். எக்ஸ்பாக்ஸ் பெரும்பாலான சக்தியை 5 வோல்ட் கோட்டிலிருந்து உறிஞ்சுகிறது. 12 வோல்ட் டிரைவ்களுக்கும் ஃபேனுக்கும்தான். ஆகவே 5 வோல்ட்டில் தொடர்ந்து எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்ற சிறிய எழுத்தைத் தேடிப் படிக்க வேண்டும். 8 ஆம்பியருக்குக் குறைந்ததை நான் ஒதுக்கிவிட்டேன்.

அடுத்தது கனெக்டர். 1.2 முதல் 1.5 வரையிலான போர்டுகளில் 20 பின் கனெக்டர் இருக்கிறது. பார்க்கக் கம்ப்யூட்டர் பவர் சப்ளைகளில் வரும் ஏடிஎக்ஸ் கனெக்டர் மாதிரியே இருக்கும், ஆனால் பின்களின் வரிசை வேறு. அப்படியே செருகினால் போர்டு போய்விடும். பழைய பவர் சப்ளை நல்ல நிலையில் இருக்கும்போதே, கன்சோல் ஓடிக்கொண்டிருக்கையில், மல்டிமீட்டரால் ஒவ்வொரு பின்னையும் அளந்து தாளில் படம் வரைந்து வைத்துக்கொண்டேன். வயரின் நிறத்தை நம்பவில்லை. அளந்ததை மட்டுமே நம்பினேன். அளக்கும்போது கை அந்தத் திறந்த பவர் போர்டின் பக்கமே போகக்கூடாது. மதர்போர்டு முனையில் மட்டும் அளங்கள்.

இன்னும் இரண்டு வித்தியாசங்கள் உண்டு. நான் வாங்கிய குட்டி பவர் போர்டு ஏடிஎக்ஸ் வகை. ஏடிஎக்ஸ் போர்டு காத்திருப்பு நிலையில் 5 வோல்ட் கொடுக்கும், எக்ஸ்பாக்ஸ் எதிர்பார்ப்பது 3.3 வோல்ட். நடுவில் ஒரு 3.3 வோல்ட் ரெகுலேட்டர் போட்டேன். இரண்டாவது, ஆன் செய்யும் சைகை. எக்ஸ்பாக்ஸ் ‘ஆன் ஆகு’ என்று சொல்ல அந்தக் கோட்டை உயர்த்தும். ஏடிஎக்ஸ் போர்டோ அந்தக் கோடு கிரவுண்டுக்கு இறங்கினால்தான் ஆன் ஆகும். ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஒரு சாதாரண என்பிஎன் டிரான்சிஸ்டரும் ஒரு ரெசிஸ்டரும் போதும், சைகை தலைகீழாகிவிடும். பேஸுக்கு ரெசிஸ்டர் வழியாக எக்ஸ்பாக்ஸின் சைகை, எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் பவர் போர்டின் ஆன் கோட்டுக்கு. பட்டனை அழுத்தியதும் பச்சை விளக்கு எரிந்த அந்த நொடியில் தம்பி தோளைத் தட்டினான். இப்போது நினைத்தாலும் மகிழ்ச்சிதான்.

அந்த உற்சாகத்தில்தான் அவசரப்பட்டேன். பவர் போர்டையும், வெட்டிய ஹீட்சிங்க்கையும், புது ஃபேனையும் ஒரே நாளில் மாற்றினேன். மெனு அழகாக வந்தது. விளையாட்டு ஒன்றைத் திறந்தால் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கன்சோல் தானாக அணைந்து மீண்டும் கிளம்பியது. மூன்று முறையில் இரண்டு முறை இப்படி.

சூடுதான் காரணம் என்று நினைத்தேன். ஹீட்சிங்க்கைக் கழற்றி பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். சரியாகவில்லை. எஸ்எஸ்டி மேல் சந்தேகம் வந்து பழைய டிஸ்கை மாட்டினேன். அப்போதும் அதே. பயாஸைக் குறை சொன்னேன். இப்படியே நான்கு மாலைகள் போயின. ஐந்தாம் நாள் தம்பி எதேச்சையாகக் கேட்டான்: “அண்ணா, அஞ்சு வோல்ட்ட எங்க அளந்த?” பவர் போர்டின் வாயில் அளந்தேன் என்றேன். “மதர்போர்டு பக்கம் அளந்து பாரு.”

பவர் போர்டில் 5.01 வோல்ட். மதர்போர்டின் கனெக்டரில், மெனுவில் நிற்கும்போது 4.82. மல்டிமீட்டரின் ஊசியை அங்கேயே பிடித்துக்கொண்டு விளையாட்டைத் திறக்கச் சொன்னேன். 4.80, 4.77, 4.71. எண் கீழே இறங்கும்போதே திரை கறுத்தது. பொதுவாக 5 வோல்ட் கோட்டுக்குச் சொல்லப்படும் அளவு 5 சதவீதம் கூடக் குறைய, அதாவது கீழ் எல்லை 4.75. அதைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

காரணம் வயர். பவர் போர்டைப் பின்மூலையில் வைக்க வேண்டும் என்று 30 செ.மீ. நீளத்துக்கு ஒரு மெல்லிய வயரைப் போட்டிருந்தேன். 0.3 சதுர மி.மீ. குறுக்களவு. 5 வோல்ட்டுக்கு ஒன்று, திரும்பி வர கிரவுண்டுக்கு ஒன்று. கணக்கு போட்டுப் பாருங்கள். அந்தத் தடிமன் செம்பு வயருக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.058 ஓம். போக வர 60 செ.மீ., அதாவது 0.035 ஓம். 7 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் வயரிலேயே கால் வோல்ட் காணாமல் போகிறது. கனெக்டர் முனைகளில் போவது தனி. வயர் லேசாக வெதுவெதுப்பாக இருந்ததை முன்பே கவனித்திருந்தேன், அது என்ன சொல்கிறது என்று யோசிக்கவில்லை. வயர் சூடாகிறது என்றால் போக வேண்டிய சக்தி வழியிலேயே செலவாகிறது என்றுதான் பொருள்.

பவர் போர்டை மதர்போர்டு கனெக்டருக்குப் பக்கத்துக்கே கொண்டுவந்தேன். 12 செ.மீ. நீளம், 0.75 சதுர மி.மீ. வயர், 5 வோல்ட்டுக்கு மூன்று, கிரவுண்டுக்கு மூன்று. நீள வேண்டிய வழி 12 வோல்ட் பக்கமே இருக்கட்டும், அங்கே ஆம்பியர் குறைவு. இப்போது எவ்வளவு கனமான விளையாட்டானாலும் கனெக்டரில் 4.97-க்குக் கீழே இறங்குவதில்லை. அந்தத் தானாக அணையும் நோய் அன்றோடு போனது. வோல்ட்டேஜை எப்போதும் சுமை இருக்கும் இடத்தில், சுமை இருக்கும் நேரத்தில் அளங்கள். இந்த வேலையில் நான் கற்றதிலேயே எனக்கு மிகப் பெரியது இதுதான்.

இனி சூடு. கன்சோலின் சிபியூவான 733 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 வகைச் சிப் இன்றைய கணக்கில் சாது. ஆனாலும் 10 செ.மீ. உயரப் பெட்டியில் சும்மா கிடந்த காற்றெல்லாம் அதற்கு உதவிக்கொண்டிருந்தது. அந்த இடத்தை எடுத்தால் வேறு ஏதாவது கொடுக்க வேண்டும்.

ஹீட்சிங்க்குக்கு எனக்குக் கிடைத்த உயரம் 22 மி.மீ. மட்டும். இரண்டையும் கழற்றி, வைஸில் பிடித்து, தகடுகளின் மேல்பகுதியை ஹேக்ஸா பிளேடால் அறுத்தேன். இதை மதர்போர்டு இருக்கும் அறையிலேயே செய்யாதீர்கள். அலுமினியத் தூள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய் ஒட்டி இரண்டு பின்களை இணைத்துவிடும். அறுத்து முடித்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒரு நாள் காயவைத்த பிறகே திரும்பக் கொண்டுவந்தேன். திரும்பப் பொருத்தும்போது இன்னொரு கவனம் வேண்டும். சிபியூவின் மேல் உலோக மூடி கிடையாது, சிலிக்கான் துண்டு அப்படியே தெரியும். ஹீட்சிங்க்கின் கவ்வியை ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் விளிம்பு சில்லு பெயர்ந்துவிடும். இரண்டு கட்டைவிரலாலும் சமமாக அழுத்தி மாட்டுங்கள்.

பழைய ஃபேன் 70 மி.மீ., நிமிர்ந்து நிற்பது. புதுப் பெட்டியில் அது நிற்காது. இரண்டு 40 மி.மீ. ஃபேன்களை வைத்துப் பார்த்தேன். சூடு குறைந்தது. ஆனால் கீச்சென்ற அந்தச் சத்தம் விளையாட்டின் இசையையே மூடியது. சிறிய ஃபேன் அதே அளவு காற்றைத் தள்ள வேகமாகச் சுற்றியாக வேண்டும், வேறு வழி இல்லை. கடைசியில் வைத்தது படுத்த வாக்கில் இருக்கும் 75 மி.மீ. ப்ளோயர் ஒன்று, தடிமன் 15 மி.மீ. மேலிருந்து உறிஞ்சிப் பக்கவாட்டில் தள்ளும்.

ப்ளோயரைப் பொருத்தி மூடியைப் போட்டு ஓட்டினால், 40 நிமிடத்தில் டாஷ்போர்டில், அதாவது கன்சோலின் மெனு திரையில், சிபியூ 74 டிகிரி காட்டியது. பழைய பெட்டியில் அதே விளையாட்டுக்கு 55-ஐ ஒட்டித்தான் இருக்கும். ப்ளோயர் நன்றாகச் சுற்றுகிறது, பின்பக்கம் காற்றும் வருகிறது, பிறகு ஏன் இந்தச் சூடு? மெல்லிய டிஷ்யூ காகிதத்தைக் கீற்றாகக் கிழித்து, காற்றுத் துளைகளுக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். முன்பக்கத் துளைகளில் கீற்று அசையவே இல்லை. ப்ளோயருக்குப் பக்கத்திலேயே, பக்கச் சுவரும் பின்சுவரும் சேரும் இடத்தில் 2 மி.மீ. இடுக்கு இருந்தது. அங்கே கீற்று சட்டென்று ஒட்டிக்கொண்டது. காற்று சுலபமான வழியில் போகும். அந்த இடுக்கு வழியாக உள்ளே வந்து, ஹீட்சிங்க்கின் பக்கமே போகாமல், ப்ளோயர் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

இடுக்கை ஃபோம் டேப்பால் அடைத்தேன். பிறகு கெட்டி பிளாஸ்டிக் ஷீட்டை மடித்து, முன்பக்கத் துளையிலிருந்து இரண்டு ஹீட்சிங்க் வழியாக ப்ளோயர் வரை ஒரு கூண்டு கட்டினேன். வேறு எதையும் மாற்றவில்லை. அதே விளையாட்டு, அதே 40 நிமிடம்: 58 டிகிரி. ப்ளோயரின் வேகத்தை டாஷ்போர்டிலேயே குறைத்து வைக்கவும் முடிந்தது. ஒல்லிப் பெட்டிக்குள் பெரிய ஃபேனைத் திணிக்கப் பார்ப்பவர்களிடம் நான் சொல்வது, முதலில் காற்றுக்கு வழி கட்டுங்கள், ஃபேனை அப்புறம் பார்க்கலாம்.

பெட்டியைப் பற்றி இன்னும் பேசவே இல்லை என்று தோன்றலாம். உண்மையிலேயே அதைக் கடைசியில்தான் செய்தேன். மேலே சொன்ன பவர், சூடு வேலைகள் எல்லாம் மேஜை மேல், அட்டைப்பெட்டியை வெட்டிச் செய்த ஒரு மாதிரிக்குள் நடந்தவை. அட்டைக்கு மரியாதை கொடுங்கள். கத்தியும் டேப்பும் போதும், அரை மணி நேரத்தில் சுவரை 3 மி.மீ. நகர்த்தலாம். என் முதல் வரைபடத்தில் உயரம் 38 மி.மீ. அட்டையில் செய்து பார்த்தபோதுதான் கண்ட்ரோலர் போர்ட்டுகளின் கேபிள் வளைவு மேல்மூடியில் முட்டுவது தெரிந்தது. வரைபடத்தில் கேபிள் ஒரு கோடுதான். நிஜத்தில் அது வளைய இடம் கேட்கும். பின்பக்கம் ஏவி கனெக்டரும் நெட்வொர்க் கேபிளும் செருகும்போது விரல் நுழைய இடம் வேண்டும், அதையும் அட்டைதான் சொன்னது. நான்கு மி.மீ. விட்டுக்கொடுத்தேன்.

அடித்தட்டு 2 மி.மீ. அலுமினியம். மதர்போர்டின் ஸ்க்ரூ துளைகள் கிரவுண்டோடு சேர்ந்தவை. ஆகவே பித்தளை ஸ்பேசர் போட்டுத் தட்டோடு இணைத்தேன். போர்டுக்கும் தட்டுக்கும் நடுவே 6 மி.மீ. இடைவெளி. போதாதென்று தட்டின் மேல் ஒரு மின்காப்பு ஷீட்டும் ஒட்டினேன். போர்டின் அடிப்பக்கம் ஈயம் வைத்த கால்கள் ஊசிபோல நீட்டிக்கொண்டிருக்கும். கன்சோலை யாராவது ஒரு பக்கம் அழுத்தித் தூக்கும் நாள் வரும்.

பக்கச் சுவர்களைத் தம்பியின் 3டி பிரிண்டரில் நான்கு துண்டுகளாக அடித்தோம். முதலில் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில். “இது நிக்காதுண்ணா” என்று அவன் அப்போதே சொன்னான். பிஎல்ஏ 60 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பிக்கும். ப்ளோயர் வெளியே தள்ளும் பக்கத்துச் சுவர் ஒரு மாதத்தில் வில்போல வளைந்தது. பிஇடிஜி என்ற இன்னொரு பிளாஸ்டிக்கில் திரும்ப அடித்தோம், அது 80 வரை தாங்கும். இன்றுவரை நேராக நிற்கிறது. துண்டுகள் சேரும் இடத்தில் பசையை மட்டும் நம்பாமல், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் நாக்கு வைத்து வரைந்தால் கோடு பிசகாது.

மேல்மூடிக்கு ஆசைப்பட்டு 3 மி.மீ. கண்ணாடி அக்ரிலிக் வாங்கினேன், உள்ளே இருப்பது தெரிய வேண்டுமென்று. நான்கு மூலையில் துளை போட்டு ஸ்க்ரூவை இறுக்கினேன். மூன்றாவது மூலையில் டிக் என்று ஒரு சத்தம். துளையிலிருந்து விளிம்புவரை விரிசல். அக்ரிலிக்குக்குத் துளை ஸ்க்ரூவை விட ஒரு மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும், கீழே ரப்பர் வாஷர் வேண்டும், விரலால் இறுக்கும் அளவுக்கு மேல் போகக்கூடாது. இரண்டாவது ஷீட்டில் இதையெல்லாம் செய்தேன். மெதுவான வேகத்தில், டேப் ஒட்டி, அடியில் மரக்கட்டை வைத்துத் துளைத்தேன். அது நன்றாக வந்தது. பச்சை மதர்போர்டும் நடுவில் வெட்டுப்பட்ட ஹீட்சிங்க்கும் தெரிகின்றன. சிலருக்கு அறுத்த தகடு அசிங்கமாகத் தெரியலாம். எனக்கு இந்தப் பெட்டியில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

பவர் பட்டன் இருக்கும் சிறிய போர்டைப் பழையதிலிருந்தே எடுத்துக்கொண்டேன். எஜெக்ட் பட்டனுக்கு வேலை இல்லாததால் சுவரில் அதற்குத் துளை வைக்கவில்லை. நான்கு கண்ட்ரோலர் போர்ட்டுகளையும் வைத்தேன். இரண்டு போதும் என்று எடுத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் இடம் மிஞ்சும்தான். ஆனால் நால்வர் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து விளையாடியதுதான் இந்தக் கன்சோலை நான் இவ்வளவு நாள் வைத்திருக்கக் காரணம்.

பழைய பெட்டி, டிவிடி டிரைவ், பவர் சப்ளை, அசல் ஹார்ட் டிஸ்க் எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. ஸ்க்ரூக்களைத் தனித்தனிக் கவரில் போட்டு, எங்கிருந்து வந்தவை என்று எழுதி வைத்திருக்கிறேன். ஹீட்சிங்க் இரண்டைத் தவிர எல்லாமே முழுசாக இருப்பதால், யாராவது கேட்டால் ஒரே மாலையில் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடலாம். அப்படியே, மதர்போர்டு கனெக்டரின் பின் வரைபடத்தையும் ஈப்ரம் நகல் இருக்கும் பென் டிரைவையும் அடித்தட்டின் உள்பக்கம் ஒரு உறையில் ஒட்டினேன். அடுத்து இதைத் திறப்பது நானாக இல்லாவிட்டாலும், அவர் கைக்கு முதலில் கிடைப்பது அதுவாக இருக்கும்.